அமெரிக்கானா நாவலை நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது?

உச்சிப்புளி ஆசிரியை (கேள்வி):

இலக்கியம் கற்பிக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரத்திற்கும் மண்டபத்திற்கும் இடையில் உள்ள ஒரு கல்லூரியில் முதுகலை ஆங்கில இலக்கிய வகுப்பு எடுத்து வருகிறேன். இந்தப் பருவத்தின் விருப்பப் பாடத்திற்கு நாவல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நைஜீரிய எழுத்தாளர் சிமமண்டா அடிச்சி 2013இல் வெளியிட்ட ‘அமெரிக்கானா’வை வைத்தேன். குடிபெயர்தல், இனப் பாகுபாடு, பண்பாட்டு அடையாளம் ஆகிய மூன்றும் ஒரு காதல் கதைக்குள் சேர்ந்து வருகின்றன என்பது ஒரு காரணம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத தெருவே இல்லாத இந்தக் கடற்கரையில் அந்த நாவல் எளிதாகப் பிடிபடும் என்று நினைத்தது மற்றொரு காரணம்.

வகுப்பில் இருப்பவர்களைப் பற்றிச் சொன்னால்தான் என் சிக்கல் விளங்கும். பாம்பன், தங்கச்சிமடம் பகுதியின் மீனவக் குடும்பப் பிள்ளைகள், தகப்பனையோ அண்ணனையோ சவூதிக்கும் துபாய்க்கும் அனுப்பிவிட்டு இருக்கும் கீழக்கரை, பெரியபட்டினம் பிள்ளைகள், மிளகாயும் மானாவாரி நெல்லும் விளையும் ஊர்களிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர்கள், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் ஒரு மாணவி என எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

நாவலின் இலண்டன் பகுதியை அவர்கள் என் உதவி இல்லாமலே படித்துவிட்டார்கள். விசாக் காலம் முடிந்த பிறகும் நாவலின் நாயகன் ஒபின்ஸே அங்கேயே தங்கிவிடுவதும், இன்னொருவருடைய தேசியக் காப்பீட்டு எண்ணை வாங்கி அந்த ஆளின் பெயரில் வேலை பார்ப்பதும், அதற்காகச் சம்பளத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பதும், தரகர்களைப் பிடித்துக் காகிதத்திற்காக, அதாவது அங்கே தங்கும் உரிமைக்காக, ஒரு திருமணம் ஏற்பாடு செய்வதும், திருமண நாளன்றே பிடிபட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவதும் அவர்களுக்குத் தெரிந்த கதை. இது எங்கள் மாமாவின் கதை என்று ஒருவன் சொன்னபோது வகுப்பில் யாரும் வியக்கவில்லை.

அமெரிக்கப் பகுதி வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. சிலர், இதுதான் நம் ஊர்ச் சாதி, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடுகிறார்கள். வேறு சிலர், எல்லோரும் கறுப்பர்கள்தானே, பிறகு நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த நாயகி இஃபெமெலு ஏன் தன்னை அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து பிரித்துப் பேசுகிறாள் என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழகப் பதிவு மேசையில் கிறிஸ்டினா டோமாஸ் என்ற பெண், இஃபெமெலுவுக்கு ஆங்கிலமே தெரியாது என்பது போலச் சொல் சொல்லாக நிறுத்திப் பேசும் காட்சியில் வகுப்பு வாய்விட்டுச் சிரித்தது. கடைசி வரிசை மாணவர்கள் தங்களுள் மிகவும் கறுத்த ஒருவனுக்கு இஃபெமெலு என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அவனும் சேர்ந்து சிரிக்கிறான். ஆனால் இப்போதெல்லாம் அந்த வகுப்புக்கு அடிக்கடி வருவதில்லை.

இன்னொன்றும் நடந்தது. குடியுரிமை பற்றிப் பேச்சு வந்தவுடன் வகுப்பு முழுவதும் முகாமிலிருந்து வரும் மாணவியைத் திரும்பிப் பார்த்தது. அவள் குனிந்து எதையோ எழுதுவது போல இருந்துவிட்டாள்.

என் கேள்விகள் இவை. இனப் பாகுபாட்டின் வரலாற்றை முதலில் சொல்லிவிட்டு நாவலுக்குள் போக வேண்டுமா, அல்லது நாவலே அதைச் சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? சாதியோடு ஒப்பிடுவதை அனுமதிப்பதா, தடுப்பதா? அந்த மாணவி வகுப்பில் சங்கடப்படாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?


பரமக்குடி பேராசிரியர் (பணி ஓய்வு):

அன்புள்ள அம்மா, நாவல் தேர்வு நல்ல தேர்வு. வரலாற்றை முதலில் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு வகுப்புக்கு மேல் சொல்லாதீர்கள். இந்த நாவலை எடுக்கும் ஆசிரியர்கள் பலர் அடிமை வாணிபத்தில் தொடங்கி ஒபாமாவில் முடித்துவிட்டுப் பார்த்தால், நாவலுக்கு நேரம் இருக்காது.

சொல்ல வேண்டியது மிகக் குறைவுதான். அமெரிக்காவில் 1790இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், வெளியிலிருந்து வருபவர்களில் சுதந்திரமான வெள்ளையர்கள் மட்டுமே குடிமக்களாக முடியும் என்று விதித்தது. அடிமை முறை 1865இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே ஒழிக்கப்பட்டது. 1870இல் ஆப்பிரிக்க வழிவந்தவர்களும் அந்த வரையறைக்குள் சேர்க்கப்பட்டார்கள். ஆயினும் பொது இடங்களில் பிரித்து வைக்கும் முறைக்கு எதிரான குடிமை உரிமைகள் சட்டம் 1964இல்தான் வந்தது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் படித்தவர்கள் பெருமளவில் அங்கே போகும் வழி 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தால் திறந்தது. இஃபெமெலு இந்தக் கடைசி வழியில் வந்த தலைமுறைக்காரி. அவளுடைய முன்னோர் யாரும் மிசிசிப்பியில் பருத்தி பறித்தவர்கள் அல்லர். நைஜீரியாவில் இருந்தவரை அவள் இக்போ இனத்தவள், படித்த குடும்பத்தின் மகள். தன்னைக் கறுப்பு என்று நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு எழவில்லை. விமானத்திலிருந்து இறங்கிய பிறகு, தான் வாழாத ஒரு வரலாற்றின் பெயர்ப்பலகை அவள் கழுத்தில் தொங்கவிடப்படுகிறது. வகுப்பு கேட்கும் அந்த இரண்டாவது கேள்விக்கு, அதாவது அவள் ஏன் பிரித்துப் பேசுகிறாள் என்பதற்கு, விடை இதுதான்.

அதை விரிவுரையாகச் சொல்லிவிடாதீர்கள். யேல் பல்கலைக்கழக நூலகத்துக் கறுப்பினக் காவலர் மீது போதைப்பொருள் விற்றதாகப் பொய்ச் சந்தேகம் விழும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கறுப்பரான பிளெய்ன் அதற்கு எதிராகப் போராட்டம் நடத்துகிறான். அவனுடன் வாழும் இஃபெமெலு அதற்குப் போகாமல், வேறொருவரின் பிரிவு உபசார விருந்துக்குப் போகிறாள். அவனுடைய கோபம் ஒரு காதலனின் கோபம் மட்டும் அன்று. அந்தக் காவலருக்கு நேர்ந்தது அவனுக்குப் பரம்பரைக் காயம். அவளுக்கு அது அநீதி என்று புரிகிறது, ஆனால் அவளுடைய உடம்பில் அந்த வடு இல்லை. இந்த ஓர் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தாலே வகுப்புக்கு வேறுபாடு விளங்கிவிடும்.

இனி சாதியைப் பற்றி. 1957இல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தை வீடுகளில் இன்றும் குரல் தாழ்த்திப் பேசும் மாவட்டம் நம்முடையது. ஆகவே, வகுப்பில் சாதி என்ற சொல் வந்தவுடன் ஆசிரியர்கள் பேச்சை மாற்றுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் தடுக்காதீர்கள். இதுதான் நம் சாதி என்று சொல்லிப் புத்தகத்தை மூடும் மாணவனிடம், அப்படியானால் எங்கெங்கே பொருந்தவில்லை என்று எழுதி வா என்று சொல்லுங்கள். அவனுக்கு உதவியாக 1923ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பகத் சிங் திந்த் வழக்கைக் கொடுங்கள். பஞ்சாபிலிருந்து போய் முதல் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய அவர், தாம் ஆரிய வழிவந்த உயர்சாதிக்காரர், ஆதலால் வெள்ளையர் என்ற வாதத்தோடு குடியுரிமை கேட்டார். அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே உயர்சாதி இந்தியர் இங்குள்ள ஆதிகுடியினரைப் பார்க்கிறார் என்றும் அவர் தரப்பில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் ஒருமனதாக மறுத்துவிட்டது. இங்கே மேலே இருந்தவர், கடல் கடந்ததும் மேலே ஏற முடியாமல் போனார். ஏறுவதற்கு அவர் நீட்டிய கையோ சாதியின் கை. இரண்டும் ஒன்றா என்ற கேள்வியை இந்த வழக்கைப் படித்த மாணவன் அவ்வளவு எளிதாக முடித்துவிட மாட்டான்.


கீழக்கரை வாசகி:

பேராசிரியர் ஐயா சொன்னவற்றில் திந்த் வழக்கு எனக்குப் புதிய செய்தி; நன்றி. ஆனால் தொடக்கம் அதுவாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவள். இந்த நாவலை எங்கள் தெருப் பெண்கள் சிலருடன் சேர்ந்து தமிழில் கதையாகச் சொல்லிச் சொல்லிப் படித்திருக்கிறேன். அவர்களை உள்ளே இழுத்தது தலைமுடிதான்.

ஆசிரியர் தற்செயலாக அங்கே தொடங்கவில்லை. பிரின்ஸ்டனில் தன் தலைமுடியைப் பின்னிவிட ஒரு கடைகூட இல்லாததால் இஃபெமெலு ரயில் ஏறி டிரென்டனுக்குப் போகிறாள். நாவல் அந்தப் பயணத்தில்தான் திறக்கிறது. பின்னால் ஒரு வேலை நேர்காணலுக்காகப் பின்னலை அவிழ்த்து, இரசாயனம் போட்டு முடியை நேராக்கிக்கொள்கிறாள். தலைத்தோல் எரிகிறது, முடி கொட்டுகிறது, கடைசியில் ஒட்ட வெட்டிக்கொண்டு வெளியே போகவே கூசுகிறாள். இதைக் கேட்ட பெண்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் சுருட்டை முடியை ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொள்ளாத பெண் இன்று எங்கள் ஊரில் அரிது. சிவப்பழகுக் களிம்பு ஒன்றின் பெயரை 2020இல் மாற்றினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கடைசி வரிசைப் பையன்கள் வைத்த பட்டப்பெயருக்கும் இங்கேதான் மருந்து இருக்கிறது. நிறத்தைப் பற்றிய கேலி தங்கள் வீட்டிலேயே, தங்கள் தங்கைக்கு வரன் பார்க்கும் இடத்திலேயே புழங்குகிறது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தால், அந்தப் பட்டப்பெயரைக் கூப்பிட அவர்களுக்கே நாக்குக் கூசும். பெயர் வாங்கிய பையனை வகுப்பில் வைத்து எதுவும் கேட்காதீர்கள். பெயர் வைத்தவர்களிடம் தனியே பேசுங்கள்.

அடுத்தது, அந்த முடிதிருத்தும் கடை. அங்கே வேலை செய்யும் பெண்கள் மாலி, செனகல் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஐஷா என்ற செனகல் பெண், இக்போ ஆடவர்கள் தங்கள் இனத்துக்கு வெளியே திருமணம் செய்யலாம் என்று தன் காதலர்களிடம் எடுத்துச் சொல்லும்படி இஃபெமெலுவை நச்சரிக்கிறாள். இஃபெமெலுவுக்கு எரிச்சல். பிரின்ஸ்டனிலிருந்து வரும் தனக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்பது போலத்தான் அவள் பேச்சு இருக்கிறது. பிறகு ஐஷா தன் தகப்பன் இறந்தபோதுகூட ஊருக்குப் போக முடியவில்லை என்கிறாள். காகிதம் இல்லை, போனால் திரும்பி வர முடியாது. நான் இந்த இடத்தைச் சொன்னபோது ஒரு லாத்தா (அக்கா) எழுந்து உள்ளே போய்விட்டார். அவருடைய தம்பி மீது கஃபீல் (வேலைக்கு எடுத்த முதலாளி) ஹுரூப், அதாவது ஓடிப்போனவன் என்ற புகார், கொடுத்திருந்த காலத்தில்தான் அவர்களுடைய தகப்பனார் மௌத்தானார் (இறந்தார்).

ஆகவே ஒரே கறுப்பு என்று வகுப்பு நினைக்கும் கூட்டத்துக்குள் மேலும் கீழும் இருக்கின்றன. கதாநாயகியே கீழே இருப்பவளைச் சலிப்போடு பார்க்கிறாள். மாணவர்கள் அவளைப் பரிதாபத்துக்குரியவளாக மட்டும் பார்ப்பதை விட்டு வெளியே வர இந்தக் கடைக் காட்சி போதும்.

ஒரு மாறுபாடு. இலண்டன் பகுதி பிள்ளைகளுக்கு எளிதாகப் புரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஏஜென்ட் ஏமாற்றிய கதையாக, அகப்பட்டுக்கொண்ட கதையாக அவர்கள் அதைப் படித்திருப்பார்கள். வளைகுடாவுக்குப் போகிற நம் ஆட்கள் அங்கே குடிமக்களாகப் போவதில்லை. இருபது வருடம் இருந்தாலும் இக்காமா (தங்கும் அனுமதி) முடிந்தால் எக்ஸிட்தான், நாட்டை விட்டு வெளியேற வேண்டியதுதான். அதனால் நான் யார், எந்த ஊர்க்காரன் என்ற கேள்வி அங்கே எழாமல் ஒத்திப்போடப்பட்டு, ஊர் திரும்பிய பிறகு எழுகிறது. நாவலின் கடைசிப் பகுதியில், லாகோசுக்குத் திரும்பிய இஃபெமெலு, தன்னைப் போலத் திரும்பி வந்தவர்கள் கூடும் நைஜர்பாலிட்டன் கிளப்பில் உட்கார்ந்து, இந்த ஊரில் நல்ல சைவச் சாப்பாடு கிடைப்பதில்லை என்ற பாணிப் புலம்பலைக் கேட்கிறாள். தானும் அதில் சேர்ந்துகொண்டதை நினைத்துக் கூசுகிறாள். வெளிநாட்டுப் பிழைப்பிலிருந்து ஊர் திரும்பிய சபராளிகள் தெருமுனையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அடையாளச் சிக்கலைக் கற்பிக்க அந்த அத்தியாயத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை. ஆசிரியர்கள் பெரும்பாலும் பருவம் முடிந்துவிடுகிறது என்று அதை விட்டுவிடுகிறார்கள்.


முகாமில் பிறந்தவன்:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்து, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுத வந்தேன். மற்றவற்றைப் படித்த பிறகு கொஞ்சம் கூடுதலாக எழுதத் தோன்றுகிறது.

அந்த மாணவியைத் தன் அனுபவத்தைச் சொல்லும்படி ஒருபோதும் கேட்காதீர்கள், அன்பினால்கூட. நான் படித்த கல்லூரியில் அகதி இலக்கியம் நடத்திய ஆசிரியர் என்னை எழுப்பி, நீ சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்றார். அவர் நல்லவர். நான் சொன்னேன். அன்றிலிருந்து வகுப்பு முடியும் வரை நான் ஷெல்லியைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும் அது முகாம்காரனின் கருத்தாகவே கேட்கப்பட்டது. உங்கள் மாணவி இந்த நாவலில் முடியைப் பற்றியோ, காதலைப் பற்றியோ, ஆங்கிலத்தின் நடையைப் பற்றியோ எழுத விரும்பலாம். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. எழுத்துப் பணி கொடுக்கும்போது, உங்கள் குடும்ப அனுபவத்தோடு ஒப்பிடுக என்று கேட்காமல், நாவலின் பாத்திரங்களுள் இருவரை ஒப்பிடுக என்று கேளுங்கள். சொந்த அனுபவத்தைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் தாமாகவே கொண்டுவருவார்கள்.

குடியுரிமை பற்றி வகுப்பில் பேச நேர்ந்தால், அவளைப் பாராமல் சட்டத்தைச் சொல்லுங்கள். இங்கே பிறந்தாலே இந்தியக் குடியுரிமை என்று வகுப்பில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருப்பார்கள். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; 2004இலிருந்து அதுவும் இறுக்கமாயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றியது. இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழ்நாட்டு அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பிறகு நல்ல வீடுகளும் கட்டித் தரப்பட்டன. ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. இவற்றை எல்லாம் செய்தியாகத் தெரிந்துகொண்ட வகுப்பு, அந்தப் பெண்ணின் முகத்தில் விடை தேடாது.

நாவலைப் பற்றி ஒன்று. இலண்டனில் ஒபின்ஸேவின் பழைய பள்ளித் தோழன் எமெனிகே கொடுக்கும் விருந்தில், போரிலிருந்தும் பசியிலிருந்தும் தப்பி வருகிறவர்களை அந்த விருந்தினர்கள் புரிந்துகொள்வார்கள், ஆனால் வயிறு நிறைந்திருந்தும் தேர்ந்துகொள்ள எதுவுமில்லாத வாழ்க்கையிலிருந்து வெளியேறத் துடிக்கும் தன்னைப் போன்றவர்களை அவர்களால் புரிந்துகொள்ள முடியாது என்று ஒபின்ஸே நினைக்கிறான். முதல் முறை படித்தபோது எனக்கு அவன் மீது கோபம் வந்தது. போருக்குத் தப்பி வந்தவர்களை உலகம் புரிந்துகொண்டுவிட்டதாக அவன் எப்படி நினைக்கலாம்? இப்போதும் அந்தக் கோபம் முழுவதும் போகவில்லை. ஆனாலும் வகுப்பில் அந்த இடம் முக்கியமானது. கடல் கடந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போனவர்கள் அல்லர் என்பதை நாவலே எடுத்து வைக்கிறது.

என்னைக் கேட்டால், இந்த நாவலின் கட்டமைப்பிலேயே உங்கள் பாடத்திட்டம் இருக்கிறது. ஆசிரியர் காகிதத்தையும் நிறத்தையும் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். இஃபெமெலுவும் தொடக்கத்தில் இன்னொருத்தியின் அட்டையில் வேலை தேடி அல்லாடுகிறாள்தான். ஆனால் பிறகு அவளுக்கு வேலை கிடைக்கிறது, நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கிறது, கடைசியில் அமெரிக்கக் குடியுரிமையும் கிடைக்கிறது. காகிதம் சரியான பிறகும் நிறம் அவளை விடுவதில்லை. ஒபின்ஸேவுக்குக் காகிதம்தான் முதலும் முடிவும். என் கதையை இந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் எங்கே விழுகிறேன் என்று தெரிகிறது. என் பூட்டனார் இதே மண்டபத்தில், அந்நாளில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில், மருத்துவச் சோதனை முடித்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்றவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், இத்தனை இலட்சம் பேர் உனக்கு, இத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று பிரித்தது. எங்கள் குடும்பம் அந்தக் கணக்கில் வராமலே அங்கிருந்து, பிறகு போருக்குத் தப்பி வந்து, புறப்பட்ட அதே மண்டபத்தில் இறங்கியது. மொழி ஒன்று, நிறம் ஒன்று, கோயில் கொடைகூட ஒன்று. காகிதம் மட்டும் வேறு. இஃபெமெலுவின் நிலைக்கு நேர் எதிர்.

ஆகவே, வகுப்பு இலண்டன் பகுதியைத் தன்னுடையதாகவும் அமெரிக்கப் பகுதியை அந்நியமாகவும் உணர்வதில் வியப்பில்லை. காகிதம் நமக்குத் தெரியும். இனப் பாகுபாட்டை நம் பிள்ளைகள் உணர வேண்டுமானால், காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் ஒருத்திக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். இஃபெமெலுவின் உஜு அத்தையுடைய மகன் டிகேயை மறக்க வேண்டாம். நினைவு தெரியாத வயதில் அமெரிக்காவுக்கு வந்தவன். வேறு ஊர் அறியாதவன். நீ அந்தக் கறுப்பர்களைப் போன்றவன் அல்லன் என்று தாய் சொல்கிறாள். அப்படியானால் யார் என்று சொல்லவே இல்லை. அவனுடைய தற்கொலை முயற்சி வரும் பகுதியை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம். அத்தியாயம் வருவதற்கு முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.


தொண்டித் தமிழாசிரியர்:

ஒரு சிறு சேர்க்கை. நம்மவர்களை எப்போதும் பார்க்கப்படுகிறவர்களாக மட்டும் வைத்துப் பேசினால் பாதிதான் பேசியதாகும். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் இன்றைய இந்தோனேசியாவின் மெடானுக்குப் பிழைக்கப் போன ப. சிங்காரம் எழுதி 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யிலிருந்து சில பக்கங்களை மாணவர்களுக்குக் கொடுங்கள். வட்டிக்கடையின் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்ற படிநிலையில் வாழ்ந்த நம் ஆட்கள் மலாய்க்காரரையும் சீனரையும் டச்சுக்காரரையும் எப்படிப் பார்த்தார்கள், யாரிடம் பணிந்தார்கள், யாரை ஏளனமாகப் பேசினார்கள் என்பதை அந்த நாவல் ஒளிக்காமல் காட்டுகிறது. அதில் எனக்குச் சங்கடம் தரும் இடங்கள் உண்டு. பெண்களைப் பற்றிய பார்வை அவற்றுள் ஒன்று. அதையும் மாணவர்களே கண்டு சொல்லட்டும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் நாவலா என்று துறையில் கேட்பார்கள். இரண்டு பக்கம் நகல் எடுத்துக் கொடுப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.


உச்சிப்புளி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. முகாமில் பிறந்த தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். காகிதமும் நிறமும் இருவருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்ற கருத்தையே பருவம் முழுவதற்கும் நூலாகப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். கீழக்கரைச் சகோதரி சொன்னபடி முடிதிருத்தும் கடையில் தொடங்கி, பதிவு மேசைக் காட்சிக்கு மறுபடியும் வருவேன். அந்தக் காட்சிக்குச் சிரித்த இதே பிள்ளைகள் சென்னையில் நேர்காணலுக்குப் போகும்போது, எதிரில் இருப்பவர் தங்கள் ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுளிப்பாரோ என்று பயப்படுகிறார்கள். இஃபெமெலு அமெரிக்க உச்சரிப்பைப் பழகிக்கொள்வதும், தொலைபேசியில் ஒருவன் அதைப் பாராட்டியதும் அதைக் கைவிடுவதும் அந்தப் பயத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.

பேராசிரியர் ஐயாவின் வரலாற்று வகுப்பை யேல் நூலக அத்தியாயத்துக்கு முந்தின நாளில் வைத்துக்கொள்கிறேன். முதலில் வைக்கவில்லை, மன்னிக்க வேண்டும். கதை பிடித்த பிறகு வரும் வரலாறு நிற்கும் என்று தோன்றுகிறது. திந்த் வழக்கைச் சாதி ஒப்பீட்டுக் கட்டுரைக்குக் கொடுக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் தம்பியோடு எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. யாரும் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று விதி வைத்தால், மாமாவின் கதையைச் சொன்ன அந்தப் பையனின் வாயையும் அடைத்ததாகிவிடும். ஆகவே விதி வைக்காமல், கேட்காமல் இருப்பேன்.

பட்டப்பெயர் வைத்தவர்களிடம் தனியே பேசினேன். அந்தப் பையனிடமும் வருகைப் பதிவு குறைவதைப் பற்றி மட்டும் பேசினேன். இரண்டு நாளாக வருகிறான்.

இறுதியாக ஒரு நடைமுறைக் கேள்வி. பல்கலைக்கழகத் தேர்வில், நாவலில் இனமும் அடையாளமும் என்று பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று எப்படியும் வரும். இவ்வளவும் நடத்திவிட்டு, அதற்குப் பிள்ளைகள் எதை எழுதுவார்கள்?


பரமக்குடி பேராசிரியர் (பணி ஓய்வு):

மன்னிக்க ஒன்றும் இல்லை அம்மா, வகுப்பு உங்களுடையது. தேர்வுக்கு முந்தின மாதத்தில் உள்மதிப்பீட்டுத் தேர்வு வைப்பீர்கள் அல்லவா, அதில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: குடியுரிமை பெற்ற இஃபெமெலுவும் நாடு கடத்தப்பட்ட ஒபின்ஸேவும் லாகோசில் மீண்டும் சந்திக்கும்போது, இருவருள் யார் வெளிநாட்டால் கூடுதலாக மாற்றப்பட்டவர்? காட்சிகளைச் சுட்டி எழுதுக. இதற்கு ஒரு முறை எழுதிப் பழகியவர்கள், பல்கலைக்கழகக் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் எழுதிவிடுவார்கள். ஐஷாவையும் டிகேயையும் சேர்த்து எழுதியவர்களுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள். விடைத்தாள் திருத்த ஆள் தேவைப்பட்டால் எனக்கு நேரம் இருக்கிறது.